புள்ளி விழுந்த எழுத்து

வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
உள்ளே ஃப்ரீசரில் மைனஸ் எண்பது.
சஸ்கட்டூனில் கதவைத் திற என்றால்
எந்தக் குளிரை என்று கேட்க வேண்டும்.

மாதிரி எண் 0419. மிளகளவில் இரண்டு துண்டு.
பெயர் எங்களுக்கு வராது.
வயது எழுபத்திரண்டு, பெண், வலப்பக்கப் பெருங்குடல்:
அவளை அவ்வளவுதான் தெரியும்.
ஒரு குப்பியில் கட்டி.
மற்றதில், பத்து சென்டிமீட்டர் தள்ளி வெட்டிய
நல்ல சதை.
மூடியில் ஒக்ஸானா எழுதியிருந்தாள்: நார்மல்.

அரைத்து, கரைத்து, சுழற்றி
ஆர்.என்.ஏ.வைப் பிரித்துக் கொடுத்தேன்.
எது பேசுகிறது, எது பேசவில்லை என்று
இரவெல்லாம் மெஷின் எண்ணியது.
காலையில் திரை முழுக்கச் சிவப்பும் நீலமும்.
சிவப்பு கத்துகிறது,
பெருகு என்பதைத் தவிர வேறு சொல் தெரியாமல்.
நீலம் வாயடைத்துக் கிடக்கிறது.

நீலத்தில் ஒன்றைத் தேடினேன்.
பிழை திருத்துகிற ஜீன்.
செல் தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம்
கூட உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்க வேண்டியது.
கட்டியில் அதன் குரல் பூஜ்யம்.
ஓர் எழுத்தும் உதிரவில்லை.
வாசலில் மெத்தில் புள்ளிகள்.

ஒன்றாம் வகுப்பில் சொன்னதுதான்:
தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
எழுத்துக்குத்தான் சொன்னார்கள் என்று
இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

மத்தியானம்
எலுமிச்சை சாதம் மைக்ரோவேவில் சுற்றிக்கொண்டிருக்க
நார்மலின் எண்களைப் பார்த்தேன்.
அதே ஜீன் பேசுகிறது,
தொண்டை கட்டியவர் மாதிரி.
திரும்ப ஓட்டினேன். இன்னொரு தடவை.
இங்கேயும் புள்ளி, ஒன்றிரண்டு,
பேனா வழுக்கியதோ என்று தோன்றும்படி.

"குப்பி மாறிவிட்டதோ, வல்லி?"
செண்பகவல்லியில் பாதியை
வந்த அன்றே எடுத்துவிட்டாள் ஒக்ஸானா.
மாறவில்லை என்றேன்.
புது மூடி எடுத்து, யோசித்து,
'பக்கத்துத் திசு' என்று எழுதினாள்.
பக்கத்து வீடு என்கிற மாதிரி.

வெட்டியது எங்களிடம்.
மிச்சக் குடல் அவளிடம் இருக்கிறது.
ஆய்வு முடிவு நோயாளிக்குப் போகாது
என்று படிவத்தின் ஏழாம் பத்தியில் உண்டு;
அவள் கையெழுத்தும் கீழே இருக்கும்,
எங்களுக்குக் காட்டாமல் கறுப்படித்து.

ஐந்தரை பஸ்ஸில்
எழுபத்திரண்டு மதிக்கத்தக்கவர்கள் மூன்று பேர்.
மூவரின் கோட்டையும் பார்த்தேன்,
பொத்தான் இறுகும் இடத்தை.
ஒருத்தி கவனித்துவிட்டாள்.
காய்கறிப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டு
உட்கார இடம் விட்டாள்.