மூன்று நிமிடக் காற்று

எழுதிக்கொள்ளுங்கள்.
பெயர் மரிய ஜெர்லின். ஊர் கடியப்பட்டணம்.
வேலை, ஆரல்வாய்மொழிக் கணவாயில்
நானூற்றுப் பதினேழாம் காற்றாலைக்குக் காவலும் எண்ணெயும்.
பொய் சொன்னால் இந்த நாற்காலி சூடாகும் என்கிறீர்கள்.
ஆகட்டும்.
இந்த அலுவலகத்தில் நாற்காலிக்காவது உண்மை பிடிக்கிறதே.

தரையிலிருந்து எட்டு மீட்டருக்கு மேலே வீசுவதெல்லாம்
ஆணையத்தின் சொத்து என்று
நீங்கள் சட்டம் போட்ட வருடம்
நான் பத்தாம் வகுப்பு.
கீழே உள்ளது எங்களுக்கு என்றீர்கள்.
ஊரில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள்.
மேலே எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டால்
கீழே என்ன மிஞ்சும் என்று
ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.
சோறு உங்களுக்கு, கலம் எங்களுக்கு.

முதலில் கொடியில் துணி காயவில்லை.
பிறகு மணலில் நெத்தலி புழுத்தது.
பிறகு எஞ்சின்களுக்குப் பூட்டு.
கடலில் நீங்கள் வரைந்த கோட்டைத் தொட்டால்
வானத்திலிருந்து ஒரு விரல் வந்து அணைத்துவிடும்.
ராஜகிளனின் வள்ளத்தை அப்படித்தான் அணைத்தீர்கள்.
அவன் பழைய பாயை விரித்தான்.
தவக்காலத்தில் சிலுவையை மூடிய துணிபோல
அது தொங்கியது
ஒன்பது நாள்.
அவன் எனக்கு யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.
அந்தப் பதிலுக்கு நாற்காலி சூடாகும்.

ஐப்பசியில் வாடை கணவாய்க்குள் நுழைந்த இரவு,
இரண்டு மணி பத்துக்கு,
கோபுரத்தின் உள்ளே ஏறினேன்.
இருநூற்று அறுபது படி.
இறக்கைகளை ஒருக்களித்துத் திருப்பினேன்,
திருவிழாக் கூட்டத்தில் எதிரே வருகிறவருக்கு
தோளைச் சாய்த்து வழிவிடுவோமே, அப்படி.
காற்று என்னைத் தாண்டிப் போனது.
நன்றி சொல்லவில்லை.
மூன்று நிமிடம் கழித்து நேராக்கினேன்.
பதிவேட்டில் எழுதியது: பறவை மோதல்.
நாற்பத்தொரு இரவு, நாற்பத்தொரு பறவை.
எல்லாம் ஒரே வௌவால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆலையின் மூன்று நிமிடம் எவ்வளவு தூரம் போகும்?
தோவாளைப் பூச்சந்தையில் ஒரு சாக்கின் ஓரம் அசையும்.
ஒழுகினசேரியில் பாதி ஒட்டிய சுவரொட்டி படபடக்கும்.
முட்டத்துக் கடல்வரை வராது.
இயற்பியலில் நான் மோசமில்லை.
தெரிந்தேதான் ஏறினேன்,
தெரிந்தேதான் இறங்கினேன்,
முழங்கால் வலிக்கு மட்டும் தைலம்.

கார்த்திகை நாலாம் தேதி
ஊரிலிருந்து பெனிட்டா அக்கா போன் பண்ணினாள்.
நீங்கள் ஒட்டுக்கேட்பது அவளுக்குத் தெரியும்.
ஒரே ஒரு வரி:
"பிள்ளே, நேத்து ராத்திரி இங்க துணி காஞ்சு கேட்டியா."
உங்கள் பதிவில் அது துணி.
என் காதில் எட்டு வள்ளம்,
எட்டுப் பாய்,
கோட்டுக்கு அப்பால் வெள்ளியாய்க் கொட்டும் சாளை.
நம்பமுடியாமல்
போனை வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
ஒரு வௌவாலால் ஆகிற காரியமா இது?

அதற்கு விடை தெரியாமல்தான்
இரண்டு வாரம் உங்கள் பூட்டுக்குள் கிடந்தேன்.
இன்று காலை நீங்களே சொன்னீர்கள்.
குற்றப்பத்திரிகையின் ஏழாம் பக்கம்.
அந்த ஓர் இரவில் கணவாயில் தொலைந்த காற்று
மொத்தம் ஆயிரத்து நூற்று நான்கு நிமிடம்.
மறுபடி வாசியுங்கள்.
தயவுசெய்து. எண்ணை மட்டும், நிதானமாக.

நான் எடுத்தது மூன்று.
நாற்காலியைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கிறது.
மீதியை யார் யார் ஒருக்களித்தார்கள்
என்று எனக்குத் தெரியாது.
நானூற்றுப் பதினெட்டில் இருப்பவரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.
இரவில் இருமுவார். அவ்வளவுதான்.
அந்த இரண்டு மணி பத்துக்கு
அவரும் இருமவில்லை என்பது
இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

என்ன சார், எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?
ஜன்னல் திறந்திருக்கிறது போல.
தாள் பறக்கிறது, பிடியுங்கள்.
இது தரைத்தளம்தானே?
அப்படியென்றால்
இந்தக் காற்று எங்களுடையது.