மைலுக்கு ஒரு பென்னி

நன்கொடைத் தாளில் முதல் கையெழுத்து உன்னுடையது:
டென்சில் ட்ரெகியர், மைலுக்கு ஒரு பென்னி.
அடுத்த கட்டத்தில், யாரும் கேட்காமலே,
'இவள் முடிக்கமாட்டாள்.'

அந்தத் தாளைத்தான் பள்ளிச் சமையலறையில் நீட்டினேன்.
உருளைக்கிழங்கு உரித்த ஈரக் கையோடு சிரித்தார்கள்.
சிரித்துவிட்ட கூச்சத்தில்
கொஞ்சம் கூட்டியே எழுதினார்கள்.

ஆறு வருடம் நாம் பேசவில்லை.
அப்பாவின் படகை நீ விற்றதற்கு,
விற்ற விலைக்கு,
விற்ற சேதியை ஒரு தபால் அட்டையில் அனுப்பியதற்கு.
பிறகு மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
ட்ரூரோ மருத்துவமனையிலிருந்து உன் குரல்:
"கெரென்சா, குடலில் என்னவோ இருக்கிறதாம்.
கார் நிறுத்தச் சில்லறை இல்லை. வருகிறாயா?"

சில்லறையோடு வந்தேன்.
படகைப் பற்றி இன்றுவரை பேச்சில்லை.

*

செயின்ட் ஐவ்ஸில் விடியுமுன் கிளம்பினோம், இருபத்தேழு பேர்.
மஞ்சள் பனியன்களின் முதுகில் ஆளுக்கொரு பெயர்.
சில பெயர்களின் கீழே இரண்டு ஆண்டுகள், நடுவில் சிறு கோடு.
உன் பெயரை எழுத நீ விடவில்லை.
"உன் முதுகு என்ன, கல்லறைக் கல்லா?"

வெறும் முதுகோடு நடந்தேன்.
பின்னால் வந்த பையன் கேட்டான்,
"நீங்க யாருக்காக?"
"நாற்பத்திரண்டு பென்னிக்காக" என்றேன்.

ஜென்னர் வரை பாறை. பாறைக்கு நடுவே சேறு.
ஒருமுறை கால் வந்தது, ஷூ வரவில்லை.
வலது காது முழுக்கக் கடல்;
மனிதர்கள் பேசுவதற்கு
இடது காது மட்டும்தான் மிச்சம்.

உன் மருந்துச் சுற்றுகளால் தூரத்தை அளந்து பார்த்தேன்.
முதல் சுற்றில், குழாய்த் தண்ணீர் தொட்டால் விரலெல்லாம் ஊசி.
நான்காவதில், தேநீர் சாவியைச் சப்பினதுபோல் இருக்கிறதென்றாய்.
ஏழாவதில் எதற்கும் வாசமில்லை,
நான் கருகவிட்ட மீனுக்குக்கூட.
பன்னிரண்டு முடிந்ததும் மணியடிக்கச் சொன்னார்கள்.
"முடிந்ததென்று மணிக்கு எப்படித் தெரியும்?"
கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாய்.

அளவு சரிவரவில்லை.
எனக்கு வலித்தால் உட்கார்ந்துகொள்ளலாம்.

தார்ச்சாலை பாதையைத் தொடும் இடமெல்லாம்
உன் பழைய வேன் நின்றது.
ஜூன் மாதத்தில் கம்பளித் தொப்பி, கையுறை.
வாழைப்பழம் நுழையுமளவு ஜன்னலை இறக்கி,
"ஆமை முந்திவிட்டது" என்பாய்.
ஏற்றிவிடுவாய்.

இரவு, பென்டீன் தேவாலயக் கூடத்தின் தரையில்.
யாரோ தூக்கப்பையின் ஜிப்பை மெல்லத் திறந்து
வெளியே போனாள்.
திரும்பி வர வெகுநேரமானது.
அவள் பனியனில் இருந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே
ஒன்பதுதான்.
நான் கழித்துப் பார்த்திருக்கக் கூடாது.

மறுநாள், கேப் கார்ன்வால் இறக்கத்தில்
இடது முழங்கால் 'டக்' என்றது.
சென்னன் வரை ஒரு கம்பும் கெட்ட வார்த்தைகளுமாக வந்தேன்.
லேண்ட்ஸ் எண்ட் கண்ணுக்கெட்டும் தூரம். ஒரே ஒரு மைல்.
முழங்கால் மறுத்துவிட்டது.
மஞ்சள் முதுகுகள் ஒவ்வொன்றாக மேடேறிப் போயின.

வேன் கதவு திறந்தது.
நீ ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றி, சில்லறை டப்பாவில் துழாவி,
மரத்த விரல்களிலிருந்து காசு நழுவ நழுவ
எண்ணினாய்.
தப்பியது. முதலிலிருந்து எண்ணினாய்.
நாற்பத்தொன்று. என் உள்ளங்கையில் கொட்டினாய்.

"மீதி ஒன்று அடுத்த வருஷம்."

அந்த இரண்டு சொல்லை
மார்ச்சுக்குப் பிறகு உன் வாயில் கேட்டதில்லை.
டாக்டரும் சொன்னதில்லை.
உன் முகத்தைப் பார்க்கவில்லை நான்.
குனிந்து ஷூவைக் கழற்றினேன்,
சேறு காய்ந்த சாக்ஸை உரித்தேன்.

"சீ, நாறுது!"
ஜன்னலைக் கடைசிவரை இறக்கினாய்.
இறக்கிய கை கைப்பிடியிலேயே நின்றது.
பிறகு, மெதுவாக,
இன்னொரு முறை
மூச்சை இழுத்தாய்.