செவ்வாய்க்கிழமை வண்டி

கிளைபேடாவில் காற்று
கடலைச் சுமந்துகொண்டு வரும்.
எங்கள் கொட்டகை வாசலுக்கு வந்ததும்
பொத்தென்று கீழே போட்டுவிட்டுப் போய்விடும்.
உள்ளே வேறொரு மணத்தின் ஆட்சி.

ஊர் வேண்டாமென்றதெல்லாம்
விடியுமுன் பட்டையில் ஏறும்.
முதலில் இரும்பு நகங்கள் பைகளைக் கிழிக்கும்.
பிறகு ஒரு சல்லடை உருளை,
உள்ளே பேருந்து நிறுத்தலாம், அவ்வளவு அகலம்,
சுற்றிச் சுற்றி ஈரத்தை உதிர்க்கும்:
பீட்ரூட் தோல், தேயிலைச் சக்கை, ஹெர்ரிங் முள்.
அது மூடிய தொட்டியில் புளித்து நுரைத்து
மூன்று வாரத்தில் நீலச் சுடராகும்.
காந்தம் தகர டப்பாக்களைத் தலைகீழாய்த் தூக்கும்.
அலுமினியம் மட்டும்
யாரும் தொடாமலே துள்ளும், தவளை மாதிரி.
எட்டு வருடமாகப் பார்க்கிறேன்,
இன்னும் சிரிப்பு வருகிறது.

மிச்சம் எங்களுக்கு.
இந்தப் பக்கம் நான், எதிரில் ஸ்கைஸ்தே.
பார்க்க, எடுக்க, எறிய
மூன்று நொடி.
யார் வீட்டுடையது என்று யோசித்தால் கை நின்றுவிடும்.
குப்பைக்கு முகவரி கிடையாது என்பாள் அவள்,
முதல் நாளிலிருந்தே.

அன்று செவ்வாய். எங்கள் தெரு வண்டி.

பச்சைத் துணி நாடா ஒன்று நெளிந்து வந்தது.
போன வசந்தத்தில்
பை கட்டுவதற்கென்று நான் கிழித்த திரைச்சீலை.
பின்னாலேயே ஒரு செய்தித்தாள்,
உருளைக்கிழங்குத் தோலின் ஈரம் ஊறி.
குறுக்கெழுத்துக் கட்டங்களில் பென்சில்,
ஒவ்வொரு எழுத்தும் வாலை நீட்டிக்கொண்டு.
வைதோதாஸ்.
எந்தப் புதிரையும் அவன் முடித்ததில்லை.

அதற்கும் பின்னால் மாத்திரை அட்டைகள்.
பதினொன்று.
ஒரு குமிழ்கூட உடையவில்லை.

"போட்டாயா?"
"போட்டேன்."
இந்த இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டுத்தான்
தினமும் நான் காலணி மாட்டுவேன்.

மருந்து அட்டை எந்தக் கூடையிலும் சேராது.
அலுமினியமும் பிளாஸ்டிக்கும்
அப்படி ஒட்டிக்கிடக்கும்.
பிரிக்கும் கூலிக்குப் பொருள் பெறாது.
பிரியாததெல்லாம் எரிபொருள் என்று
பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்:
நறுக்கு, உலர்த்து, கட்டு, கொதிகலனுக்கு அனுப்பு.
உள்ளே மாத்திரை இருந்தால் மட்டும்
சிவப்புப் பெட்டி.

என் கைக்கு எட்டியது நான்கு.
மீதியை ஸ்கைஸ்தே அள்ளினாள்.
திருப்பிப் பார்த்தாள்.
"யாருக்கோ குணமாகிவிட்டது போல!"
இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திச் சிரித்தாள்.
நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.
அடுத்த மூன்று நொடியில்
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.

வீட்டில் அவன்
வெந்நீர்க் குழாய்ச் சட்டத்தில் முதுகைச் சாய்த்து
கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.
அந்தச் சூடு நாங்கள் கட்டி அனுப்பிய பொதிகளின் சூடு.
பாதி ஊரின் பொய்யும் அதில் எரிகிறது என்று
இன்றைக்குத்தான் தோன்றியது.

"இன்று வலையில் என்ன?"
நான் மீன்பிடிக்கப் போய்வருவதுபோல்
அவன் தினமும் கேட்பது.

"பச்சைத் துணி."

கத்தி நின்றது.
அறுபடாத தோல்
அவன் விரலிலிருந்து நீளமாய்த் தொங்கியது.
குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம்
முதன்முறையாகக் கேட்டது எனக்கு.

"அதைப் போட்டால்
ரொட்டிக்கு ருசியே இல்லை, டங்குவோலே."

எட்டு மாதம். இதைச் சொல்ல எட்டு மாதம்.
திட்ட வாய் திறந்தேன்.
கம்பு ரொட்டி வாசனைக்கே
இரண்டாம் மாடியிலிருந்து எழுந்து வருபவன் இவன்.
வாயை மூடிக்கொண்டேன்.

தோல்களைத் தாளில் சுற்றும்போது பார்த்தேன்,
இன்றைய கட்டங்களிலும் பாதி காலி.
ஓரத்தில் மருத்துவரின் எண்ணை எழுதி
வேறு மாத்திரை கேட்க வேண்டும் என்று கீழே குறித்து
அந்தத் துண்டை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன்.
மற்றதை இறுகக் கட்டினேன்.
கட்டக் கிடைத்தது
அதே பச்சைத் துணிதான்.