நூற்றுத் தொண்ணூற்றேழு, நூற்றைம்பத்து மூன்று

ஓஸ்ட்ராவா மருத்துவமனை, ரத்தப் பிரிவு,
இரவு இரண்டே கால்.
திரை ஒரு பெயரைக் கடித்துத் துப்பியிருந்தது.
போர்ஷிவோய் என்று இருக்கவேண்டிய இடத்தில்
முதலில் ஒரு ‘போ’,
பிறகு தலையில் கீற்று வைத்த ஓர் எல்,
அதன் தோளில் கம்பெனிகள் குத்திக்கொள்ளும் குட்டி முத்திரை,
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மிச்சப் பெயர்.

பையைத் தரமாட்டேன் என்றாள் செவிலி த்ரஹோமீரா.
“குழாயில் ஒரு பெயர், திரையில் ஒரு பெயர்.
ஒரே ஆள்தான் என்று நீ சொன்னால் போதுமா?”
போதாது.
நோயாளிக்கு விடியும்வரை பொறுக்கலாம்,
எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இயந்திரம் அனுப்பியது சரியாகத்தான் இருந்தது:
நூற்றுத் தொண்ணூற்றேழு, நூற்றைம்பத்து மூன்று.
இரண்டும் சேர்ந்தால்தான்
கொக்கி மாட்டிய அந்த ஒற்றை ஆர்.
என் ஜன்னலில் இருந்த லேபிளோ
யார், எவர் என்று கேட்காமல் வாங்கி,
எண்ணுக்கு ஓர் எழுத்தென்று
பழைய அட்டவணையில் தேடி ஒட்டிவிட்டது.
பிழை என்று முனகக்கூட இல்லை.
தெரியாது என்று சொல்லத் தெரியாத ஜன்னல்!

முதல் திருத்தம் அதைவிடக் கேவலம்.
முன்னால் ஒரு சின்ன பி, ஒரு மேற்கோள் குறி,
நடுவில் சாய்கோடு, எக்ஸ், எண்,
தோலுரித்துத் தொங்கவிட்ட பெயர்.
த்ரஹோமீரா எட்டிப் பார்த்தாள்:
“இது யார், புதிதாகச் சேர்ந்தவரா?”

பைட் வெறும் மெய்.
எந்த உயிர் ஏறும் என்று
அதைப் பார்த்துச் சொல்ல முடியாது,
அனுப்பியவரைத்தான் கேட்கவேண்டும்.
கேட்டேன். வாசலிலேயே, ஒரே வரியில்:
எந்தக் குறிமுறையில் வந்தாய்?
சொல், எழுத்தாகு, பிறகு உள்ளே வா.
லேபிளுக்கும் பட்டனுக்கும் பட்டியலுக்கும்
இனி எண்ணை நேராகக் கொடுப்பதில்லை.

கொக்கி தன் ஆர்மேல் வந்து உட்கார்ந்தது.
பை போனது.

திரும்பி வந்து த்ரஹோமீரா சொன்னாள்,
தாமதத்தின் காரணம் கேட்டு அவர் சிரித்தாராம்.
“எனக்கும் அந்த எழுத்து ஏழு வயதுவரை வரவில்லை.
பயிற்சிக்கு அம்மா டிராமில் கூட்டிப்போவாள்,
நாக்கை மடக்கி மடக்கி எச்சில்தான் தெறிக்கும்.
உங்கள் பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று?”

நாற்பத்தொரு நிமிடம்.
அதில் முப்பது, லேபிளைத் திட்டியது.

மருந்தகத்து பிரிண்டர் மட்டும்
இன்னும் எண்களையே தின்றுகொண்டிருக்கிறது.
திங்கட்கிழமை பார்க்கிறேன்.