மூன்றாம் நம்பர் பம்ப்

முதல் இரவு, டெல்மர் யோஸ்ட்டின் பெட்ரோல் பங்க்கில்
விளக்குக் கம்பத்தடியில் தரை கொதித்தது.
விரற்கடைத் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும்
மண் பூசிய ஒருவர் கம்பம் ஏறி
சட்டையை முதுகில் கிழித்துக்கொண்டு வெளியே வந்தார்.

விடிந்ததும் கிராக்கிள்கள்.
தண்ணீரில் டீசல் சிந்திய நிறம் அவற்றுக்கு.
நடந்தே தின்றன, பறக்க அவசியமில்லை.
சிறகைப் பிய்த்து உதறிவிட்டு உடல் முழுக்க;
இரண்டொரு நாளில் வயிறு மட்டும்;
அப்புறம் கொன்றுபோட்டதோடு சரி.
ஹைவே ஓரம் வான்கோழிகள்
லாரி ஹாரனுக்கும் தலை நிமிர்த்தவில்லை.

ரோவீனா தட்டில் வைத்த சூரியகாந்தி விதை
மழையில் நனைந்து முளைவிட்டது.
ஓக் இலைகளைப் புழுக்கள் சல்லடையாக்குகின்றன,
கேட்க நாதியில்லை.

"போன தடவை இதுகள் வந்தது
என் முதல் கல்யாணத்தன்று," என்கிறாள்.
"முக்காட்டில் மட்டும் ஏழு."
டெல்மர் கார் கண்ணாடியிலிருந்து
சிறகுகளை வழித்துக்கொண்டே இருக்கிறார்.
பதினேழு வருஷம் இண்டியானா மண்ணுக்குள்
வேரை உறிஞ்சிக் கிடந்தவை.
கொட்டாது, கடிக்காது, ஓடவும் தெரியாது.
தின்னத் தின்னத் தீராதிருக்கும்,
அவ்வளவுதான் சாமர்த்தியம்.

எட்டாம் நாள் பத்து மணிக்கு
மூன்றாம் நம்பர் பம்ப்பின் மேல் ஒரு கிராக்கிள்,
இலையை மூடத் தெரியாத விருந்தாளிபோல்
கவ்வியது கவ்வியபடி.
அலகுக்குள் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது.

நான் இருபது டாலருக்குப் போட்டு முடிக்கையில்
பறவை கொட்டாவி விட்டது.
எச்சில் ஈரத்தோடு, ஒரு சிறகு குறைவாக,
அது ஹோஸைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கியது,
விட்ட இடத்திலிருந்து கத்திக்கொண்டு.