பதினொன்று பத்து

புதன்கிழமைகளில் பகாவ் கிளினிக்கில்
எனக்கு ஓர் அறை, ஒரு மேசை,
காற்றாடி போட்டால் பறந்துபோகும் தாள்கள்.
வருகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்:
வட்டம் போடுங்கள், கடிகாரம் ஆக்குங்கள்,
முள்ளைப் பதினொன்று பத்தில் வையுங்கள்.

கிராணி வேலை பார்த்த மாசிலாமணி
எண்களையெல்லாம் வலப்பக்கமே அடுக்கிவிட்டு
இடம் போதவில்லை என்று
தாளைக் குறை சொன்னார்.
சொல்லிக் கொடுத்த ஐந்து சொற்களில்
ஒன்றும் மிச்சமில்லை.
"வாழைப்பழம்" என்று எடுத்துக் கொடுத்தேன்.
அப்படி யாரும் சொல்லவில்லையே என்றார், மரியாதையாக.
ஒவ்வொரு கேள்விக்கும்
பக்கத்தில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார்.
அந்தத் திரும்பலிலேயே
எனக்குப் பாதி பதில் இருந்தது.

மங்களேஸ்வரி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.
"தெரியாது."
நான் கேட்டு முடிக்குமுன்பே, "தெரியாது."
கடிதத்தில் மறதி என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.
மறந்தவர்கள் மறைக்கப் பார்ப்பார்கள்;
இவளோ தன் மறதிகளை
கடைக்கடன் போல ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னாள்.
மகன் மோட்டார் சைக்கிளில் போன தேதி மட்டும்
மணி நிமிடத்தோடு நின்றது.
துக்கம், மறதியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது.
மருந்து கொடுத்த பத்தாவது வாரம்
"கடிகாரம் இன்னைக்கு வேணாம் டாக்டர்,
பதினொன்றரைக்கு பஸ்" என்றாள்.

லோரி ஓட்டிய குப்புராஜ் படிக்கட்டில் இறங்கினார்.
தைப்பூசத்துக்கு மறுநாள் ஒரு படி,
தீபாவளிக்கு முன்னால் இன்னொன்று.
நடுவில் மாதக்கணக்காக அதே படியில் நின்றார்.
இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு,
இடதுகாலில் ஒரு சின்ன இழுப்பு.
அடுத்த படியைத் தள்ளிப்போடலாம் என்றேன்;
ஏறிவரலாம் என்று சொல்லவில்லை.

டீச்சர் ரெஜினாவுக்கு ஐம்பத்து மூன்றுதான்.
கடிகாரம் அச்செடுத்தது போல.
ஐந்து சொல்லும் ஐந்தும்.
பிறகு என் பையைத் திறந்து
பிஸ்கட்டை எடுத்துத் தின்றாள், என்னைப் பார்த்தபடியே.
மாமியார் சாவு வீட்டில் சிரித்தவளாம்.
திமிர் என்றது பள்ளிக்கூடம். புருஷனும்தான்.
நெற்றிக்குப் பின்னால் தேய்கிறது, குணத்தில் அல்ல என்று
அவருக்குப் புரியவைக்க மூன்று புதன்கிழமைகள் ஆயின.
மூன்றாவதில் அவர் அழுதார்.
அவள் அப்போதும் பிஸ்கட் கேட்டாள்.

இருளப்பனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.
தள்ளிப்போடுகிறேன்.

செம்பனை நிரைக்கு நடுவே
சின்னச் சின்ன ஆட்கள் நிற்கிறார்கள் என்றார்.
அரைக்கைச் சட்டை. பேச மாட்டார்கள்.
பூசாரி வேப்பிலை அடித்து முடித்திருந்தார்.
நான் என் பங்குக்குப்
பிரமை என்று எழுதி
வெள்ளை மாத்திரை ஒன்று கொடுத்தேன்.
மூன்றாம் நாள் அவர் மரக்கட்டை.
கழுத்து திரும்பவில்லை, கஞ்சி இறங்கவில்லை.
சிரம்பான் வார்டில் பதினேழு நாள்.

அங்கே நடைபாதையில் பொன்னுத்தாய் சொன்னாள்:
"பத்து வருசமா தூக்கத்துல உதைப்பாரு டாக்டர்.
கனவுல யாரையோ விரட்டுவாரு.
நான் தரையில படுக்கப் பழகிட்டேன்.
காலையில தெளிவு, மத்தியானம் வேற ஆளு,
சாயங்காலம் திரும்பவும் தெளிவு.
நீங்க கேக்கலையே."

நான் கேட்கவில்லை.

மருந்தை மாற்றினோம். நடக்கிறார், பாதம் உரச.
சின்ன ஆட்கள் இப்போது இரண்டு பேர்தானாம்.
"நிக்கட்டும் டாக்டர்,
சும்மாதானே நிக்கிறாங்க" என்கிறார்.
என் எழுத்தில் அந்த மாத்திரையின் பெயர்
அவர் கோப்பில் அப்படியே இருக்கிறது.
மேலே சிவப்பில் ஒரு கோடு.

இப்போதெல்லாம் வட்டத்துக்கு முன்னால்
பக்கத்தில் படுப்பவரிடம் கேட்கிறேன்:
இவர் எப்படித் தூங்குகிறார்?
அவர்கள் முதலில் வெட்கப்படுகிறார்கள்.
பிறகு நிறுத்துவதில்லை.
வரிசை நீள்கிறது, வெளியே வெயில் ஏறுகிறது.
மிஸி ஹலிமா கதவைத் தட்டி எண்ணைக் கூப்பிடுகிறாள்:
செபெலாஸ்.
யாரும் எழவில்லை.
தனக்குத் தெரிந்த தமிழில் இன்னொரு முறை:
பதினொன்னு.