அரைநாள் கூலி

ஹமாமட்சுவில் அன்று காற்று பலம்.
கண்ணாடிக்கு வெளியே கொடிக்கம்பத்துக் கயிறு
டங், டங் என்று அடித்துக்கொண்டிருந்தது.
உள்ளே, இருவருக்கும் நடுவில்
சற்றே பின்தள்ளிப் போட்ட நாற்காலி எனக்கு.
மொழிபெயர்ப்பவளுக்கு மேசை கிடையாது.
முழங்கால்தான் மேசை.

அந்தப் பக்கம் ஹாலன்பெக்,
அக்ரன் நகரத்து ரப்பர் வளையக் கம்பெனி.
போன வருஷம் வந்தபோது வாய் ஓயவில்லை.
எதிரில் கொட்டிய ஒவ்வொரு ‘ம்’மையும்
சம்மதம் என்று எண்ணிக்கொண்டார்.
பேச்சு நின்ற இடத்திலெல்லாம்
விலையைக் குறைத்து நிரப்பினார்.
ஊருக்குப் போய்க் கணக்குப் பார்த்தபோதுதான் சுட்டதாம்.
இந்த முறை யாரோ பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.
உள்ளங்கையில் நீல மையால் நான்கு எழுத்து,
ஆங்கிலத்தில்: பொறு.
கை குலுக்கும்போது அதில் பாதி
எதிராளியின் கைக்குப் போய்விட்டது.
இருவரும் கவனிக்கவில்லை.

இந்தப் பக்கம் குசுஹாரா,
கொள்முதல் பிரிவின் தலைவர்.
“கொஞ்சம் கஷ்டம்” என்ற ஒற்றைச் சொல்லால்
இருபத்தாறு வருஷமாக
எந்தக் கதவையும் சத்தமில்லாமல் சாத்தியவர்.
அவரையும் டோக்கியோவில்
இரண்டு நாள் வகுப்பில் உட்கார்த்தியிருந்தார்கள்:
வளைக்காதே, முடிவை முதலில் வை,
அவர்களுக்கு முகம் படிக்கத் தெரியாது.

தேநீர் ஆறுவதற்குள்
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:
“நோ.”
ஆங்கிலத்தில். என்னைக் கடந்து.
தம்ளரைத் தட்டிவிட்ட பிள்ளைபோல
தாமே திடுக்கிட்டார்.

நோவை எதில் பெயர்ப்பது?
வாயைத் திறந்தேன், மூடினேன்.

ஹாலன்பெக் கற்றதைச் செய்தார்.
பொறுத்தார்.
அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டிப் பார்த்தார்,
தேங்காயைத் தட்டுவதுபோல,
உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று.
பிறகு என் பக்கம் சாய்ந்து,
“இவர் உண்மையில் என்ன சொல்கிறார்?”
இல்லை என்கிறார், என்றேன்.
“அது சரி. ஆனால் என்ன சொல்கிறார்?”

பேசாத அமெரிக்கரை
அந்த வகுப்பில் காட்டவில்லைபோலும்.
குசுஹாராவின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.
கோபமா, அவமானமா என்று என்னிடம் கேட்க
அவர் பழக்கம் இடம் தரவில்லை.

டங்.

என் குறிப்பேட்டில் மௌனத்துக்கு ஒரு குறி உண்டு,
மூடாத வட்டம்.
ஒன்பதாவதைப் போட்டபோது
பேனா காகிதத்தைக் கிழித்தது.
உன் சொல்லைச் சேர்க்காதே என்பது
என் தொழிலின் முதல் விதி.
“மொழிபெயர்ப்பாளருக்குத் தண்ணீர் வேண்டும்” என்றேன்,
இரண்டு மொழியிலும்.
அன்று நான் பேசியதில் என்னுடையது அது ஒன்றுதான்.
உண்மையில் தாகம் இல்லை.

நடைவழியில் காசு போட்டால் டப்பா தள்ளும் இயந்திரம்.
காப்பி என்று நினைத்து ஹாலன்பெக் அழுத்தியது
சூடான சோளச் சூப்.
ஒரு மிடறு.
அந்த முகத்தை ஒரு பயிற்சியும் கொடுத்திருக்காது.

குசுஹாராவுக்குச் சிரிப்பு பீறிட்டது.
கையால் வாயைப் பொத்தினார்.
விரித்த கையில், இடவலம் மாறி,
மங்கலாக அந்த நான்கு எழுத்து.
ஹாலன்பெக் அதைப் பார்த்தார்.
டப்பாவைக் கைமாற்றி
தன் உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்,
பிட் அடித்துப் பிடிபட்ட மாணவனைப்போல.

குசுஹாரா நெடுநேரம் படித்தார்.
பிறகு பல்லிடுக்கில் காற்றை இழுத்துக்கொண்டு
தம் பழைய மொழியில், தம் பழைய சொல்லை:
கொஞ்சம் கஷ்டம்.
நான் பெயர்க்குமுன்பே
ஹாலன்பெக் தம் பழைய குரலில் கேட்டார்:
“எவ்வளவு கஷ்டம்? எத்தனை சென்ட்?”

குசுஹாரா மூன்று விரல் காட்டினார்.
ஹாலன்பெக் ஒன்றை மெல்ல மடக்கினார்.
அது விலையா, விளையாட்டா,
எனக்கு இன்றுவரை தெரியாது.
நான் சுவரோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தம் அன்று முடியவில்லை.
மார்ச்சில் தொலைநகலில் முடிந்ததாம்,
நான் இல்லாமல்.

கூலிச் சீட்டு சரியாக வந்தது:
அரைநாள்,
இடைவேளை பதினைந்து நிமிடம் கழித்து.